றப்பர் வேலியில் ஒரு பொட்டு

மச்சான்,

இன்று காலை கத்தியில் காய்ந்திருந்த செடிப் பாலை நகத்தால் உரித்தேன். அந்தப் புளித்த மணம் வந்தது. கூடவே நீயும் வந்துவிட்டாய்.

உன்னிச்சை ஊரில் றப்பர் போட்ட முதல் ஆள் நான்தான். றப்பருக்கு மழை வேண்டும் என்று ஊரே சொன்னது. குளம் வற்றினாலும் வாடாத, ஒடித்தால் பால் வடியும் செடியாகத் தேடிக் கொண்டுவந்து வீட்டு வளவைச் சுற்றி நட்டேன். உலகத்து லொறிகளுக்கெல்லாம் இங்கிருந்துதான் டயர் போவதாக இருந்தது. கொஞ்ச நாளில் செடி அடர்ந்து வேலியாகி, வாசல் படலையைத் தவிர உள்ளே வர வேறு வழியில்லை. கோழிகூட என்னைக் கேட்டுத்தான் உள்ளே வந்தது. பக்கத்து வளவிலிருந்த நீ, ஒரு மூடிப் பாலைக் காயவைத்து, தொடையில் உருட்டி, நெல்லிக்காய் அளவில் ஒரு பந்து தந்தாய்.

"இந்தா மச்சான், உன்ட தோட்டத்து விளைச்சல். சைக்கிளுக்கு டயர் போடு."

பிறகு ஒரு பின்னேரம் ஆனை வந்தது. கோயில் கோபுரம் எழும்பி நடந்த மாதிரி. படலையைச் சாய்த்துவிட்டு முற்றத்தில் நின்றது. நான், உன் தங்கச்சி, அவள் இடுப்பில் மகள். வீட்டுக்குப் பின்னால் சுவருக்கும் வேலிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டோம். ஆனையை நான் பார்வையாலேயே நிறுத்தி வைத்திருந்தேன். ஆனால் எவ்வளவு நேரம்தான் இமைக்காமல் இருப்பது? அப்போதுதான் வேலிக்கு அப்பால் உன் கத்திச் சத்தம்; கொப்புகளை வெட்டி, ஆள் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை, ஒரு பொட்டு, திறந்தாய். பால் கண்ணில் தெறித்தும் நீ நிறுத்தவில்லை.

"நீ வேலி கட்டினது ஆனைக்கா மச்சான், நமக்கா? குனிஞ்சு வா!"

முதலில் குழந்தை, பிறகு உன் தங்கச்சி, கடைசியில் நான். அன்றைக்கு என் தொப்பையும் ஒத்துழைத்தது.

அந்தப் பொட்டை நீ மூட விடவில்லை. காலைத் தேத்தண்ணிக்கு அதனூடாகத்தான் வருவாய், ஒரு கண் சிவந்தபடியே.

நீ போய்ச் சேர்ந்தாய்; இப்போது உன் தங்கச்சியும் மேலே உன்னோடுதான். மகள் வேலைக்குப் போகும்போது படலையைப் பூட்டுகிறாள். இந்த முழங்காலோடு நான் வயல் வட்டைப் பக்கம் போய் வரம்பில் விழுந்துவிடுவேனாம். செடியோ மழையில்லாமலே நெருக்கிக்கொண்டு வருகிறது. பொட்டு மூடாமல் இருக்க நான்தான் தினமும் வெட்டுகிறேன். இன்று மருமகன் முள்ளுக்கம்பிச் சுருளோடு வந்து நின்றார்.

"பொட்டால ஆனை வந்திரும் மாமா. அடைச்சிருவம்."

"ஆனை வந்தது படலையால, மருமகன். பொட்டால வந்தது என்ட மச்சான்."

அவர் சுருளைப் பிரித்தார். நான் குனிந்து பொட்டுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டேன்.

"வெளிய வாங்க மாமா."

"வரமாட்டன்!"

வீரமாகத்தான் சொன்னேன். ஆனால் தோள் கொப்புகளுக்கிடையில் இறுகிவிட்டது மச்சான். முன்னுக்கும் ஏலாது, பின்னுக்கும் ஏலாது. மருமகனுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு கம்பியைக் கீழே போட்டுவிட்டுக் கத்தியை எடுத்தார். அவர் கொப்புகளை வெட்டி முடிக்கும்வரை, பால் தெறிக்காமல் அவர் கண்ணுக்கு முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பொட்டு இப்போது என் அளவுக்கு அகலம். கம்பி கிணற்றடியில் கிடக்கிறது. படலை பூட்டித்தான் இருக்கிறது. பொட்டால் பார்த்தால் உன் வளவு தெரிகிறது. அங்கே யாரும் இல்லை. நீ உருட்டித் தந்த பந்து என் சட்டைப்பையில். யாராவது கேட்டால், லொறி டயர்களெல்லாம் கப்பலில் போய்விட்டன, மிஞ்சியது இதுதான் என்கிறேன்.