நானாக விட்ட வேலை அல்ல

தருமபுரி,
ஞாயிறு மாலை.

அன்புள்ள பிரவீன் அப்பாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் பிரவீனும் சுகம். ஷார்ஜாவில் வெயில் எப்படி? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் பாதியிலேயே "சரி, விடு" என்கிறீர்கள். அதனால்தான் எழுதி, நாளை புறப்படும் அனீஸ் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். முழுதும் படியுங்கள்.

நான் செய்த குற்றம் இதுதான். ஜவுளிக்கடையில் என்னோடு சேலைப் பிரிவில் நிற்கும் மெஹக்குக்கு ஏழாம் மாதம். கால் வீங்கிப்போய் நின்றாள். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவைத்தேன். மேனேஜர் மாதவராஜ் அவளை எழுப்பச் சொன்னார். நாங்கள் உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டமே இருக்கிறது, எழுப்பமாட்டேன் என்றேன். அன்று மாலையே இனி வரவேண்டாம் என்றுவிட்டார். கூடவே, சொந்தக் காரணத்தால் விலகுவதாக எழுதிக் கொடு, இல்லாவிட்டால் வேறெந்தக் கடையிலும் சேரமுடியாது என்றார். துரத்துவது அவர், எழுதித் தருவது நானா?

எழுதவில்லை. அனுபவச் சான்றிதழ் தருகிறோம் என்று வெள்ளிக்கிழமை கூப்பிட்டார்கள். போனால் கேக் வைத்திருக்கிறார்கள்! யாரைத் துரத்தினாலும் சால்வை போர்த்திப் படமெடுத்து, பிரிவு உபசார விழா என்று வாட்ஸ்அப்பில் போடுவது அந்தக் கடை வழக்கம். முன்பு இப்படித் துரத்தப்பட்ட ஐஸ்வர்யா அழுத கண்ணோடு சிரிக்கும் படம் இன்னும் அதில் கிடக்கிறது. எனக்கும் போர்த்தினார்கள். படமெடுக்கும் முன்பே கழற்றி, மடிப்புக் கலையாமல் மடித்து அலமாரியில் வைத்துவிட்டு வந்தேன். மெஹக் மட்டும் வாசல்வரை வந்தாள்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். இன்று பூசை முடிந்ததும் அத்தை கோயில் வாசலில் நின்று, "பையனப் பாத்துக்கணும்னு எங்க மருமவளே வேலைய வுட்டுட்டாளுங்க" என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறார். கேட்டால், நீங்கள்தான் அப்படிச் சொல்லச் சொன்னீர்களாம். கௌரவமாக இருக்கட்டும் என்று சொன்னீர்களா? எனக்கு இதில் என்ன அகௌரவம்? திருடினேனா, பொய் சொன்னேனா?

நாளை தொழிலாளர் அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன். நீயாக விட்டாயா, அவர்கள் நிறுத்தினார்களா என்றுதான் முதலில் கேட்பார்கள். நானே விட்டேன் என்று என் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொன்னால், மாதவராஜுக்கு என் கையெழுத்து எதற்கு?

பிரவீனுக்கு இருமல் குறைந்துவிட்டது. நீங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாதா உங்களுக்குத் துணையிருக்கட்டும். இதைப் படித்ததும் அத்தைக்குப் போன் போட்டு, "அவள நிறுத்திட்டாங்கம்மா" என்று உங்கள் வாயால் ஒரு தரம் சொல்லுங்கள். வேறொன்றும் அனுப்பவேண்டாம்.

உங்கள்,
அமுதா