தார்ப்பாய்க்குக் கீழே தூங்கிய சரக்கு

நவ. 3, திங்கள்
விடாத மழை. அண்ணனூர் ஸ்டேஷன் பக்கம் முழங்கால் தண்ணீர். குடைக் கம்பி போச்சு. தோசை மாவு வாங்கவில்லை.

வீட்டுப் பத்திரத்தை வைத்தால் எங்கள் பட்டறைக் கடனை ஏற்றித் தருவாராம் பேங்க் மேனேஜர். இவர் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். அது திருநின்றவூரில் வருஷக்கணக்காக வாடகைக்குக் கிடந்து கட்டிய வீடு.

"ஆர்டர் இருக்கு ஸ்டெல்லா. இரும்புத் தகடு வாங்கத்தான் காசில்ல."

தகட்டுக்காரருக்குக் கையோடு காசு. பம்பு கம்பெனி நமக்குத் தருவது மூன்று மாதம் கழித்து. நடுவில் வட்டி.

நவ. 4, செவ்வாய்
தூறல். பேங்க் கேட்ட ஸ்டாக் கணக்கெடுக்க அம்பத்தூர் பட்டறைக்குப் போனேன். பின்சுவர் ஓரம் ஒரு தார்ப்பாய். தூக்கினால், ஆளுயரத்துக்கு அடுக்கிய பம்பு பிராக்கெட். துரு வேறு. தகடு அடிக்கும் பிரஸ் மெஷின் ஓட்டும் தேவகியைக் கேட்டேன்.

"ஆடி மாசம் ஆர்டரே இல்ல அண்ணி. எங்கள ஊட்டுக்கு அனுப்பிட்டா கூலி பூடும்னு அண்ணாத்தே இத்த அடிக்கச் சொன்னாரு. நாங்களும் அடிச்சிகினே இருந்தோம். அப்பாலதான் கம்பெனிக்காரன் அந்த மாடலையே நிறுத்திட்டான்."

அவ்வளவு தகடு. எல்லாம் கடன் காசு. சண்டை போடும் வேகத்தில்தான் பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுகை. இந்த மனுஷனை நான் என்ன செய்ய?

நவ. 5, புதன்
வெயில்! துணி காய்ந்தது.

காபி கொடுத்துவிட்டுக் கேட்டேன். "கூலி குடுங்க, வேணாங்கல. தகட்ட ஏங்க வீணாக்கினீங்க?"

"சும்மா குடுத்தா தேவகி வாங்குவான்னு நெனக்கிறியா? ரோஷக்காரி."

ரோஷக்காரிதான், வாங்க மாட்டாள். இவர் தலையில் ஒரு தட்டு தட்டினேன். சிரித்தார். எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து.

தூங்குகிற சரக்கை பேங்க் கணக்கிலேயே சேர்க்காது. பழைய இரும்பாகக் காயலான் கடைக்குப் போடுவது என்று முடிவு. தகடு இனி அந்தந்த ஆர்டருக்கு மட்டும். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கம்பெனியில் பணம் சீக்கிரம் கேட்பது. இவருக்குக் கேட்க வெட்கம். நானே போகிறேன்.

நவ. 7, வெள்ளி
மேகம். மாதா புண்ணியம், கம்பெனியில் ஒரு மாதத்தில் தர ஒப்புக்கொண்டார்கள். பழைய கடனே போதும். புதுக் கடன் வேண்டாமென்று மேனேஜரிடம் இவரே போனில் சொன்னார். பத்திரம் பீரோவில், என் கல்யாணப் புடவைக்குக் கீழே.

காயலான் வண்டி வந்தது. பிராக்கெட் ஏற்றும்போது இவர் டீ குடிக்கிற சாக்கில் வெளியே போய்விட்டார். தேவகி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இனிமே ஆர்டர் இல்லாங்காட்டி நாங்க இன்னா பண்றது அண்ணி?"

"பட்டறைக்கு பெயின்ட் அடிங்க."

"எத்தினி வாட்டி?"

"ஆர்டர் வர்ற வரைக்கும்."

நாளைக்கு: மாவு, குடைக் கம்பி, பெயின்ட் இரண்டு டப்பா.