பாட்டா வைப்பரா

அன்புள்ள பெத்தேலோ,

நாங்கள் எல்லாரும் சுகம், கர்த்தர் புண்ணியத்தில் உன் அப்பாவின் பஸ்ஸும் இன்றைக்குச் சுகம். ஆக்லாந்தில் நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன், ரொட்டியை மட்டும் தின்று வேலைக்குப் போகாதே. நீ அனுப்பிய ஆம்ப்ளிஃபையர் வந்ததிலிருந்து சனங்கள் மற்ற பஸ்களை விட்டுவிட்டு நம் பஸ்ஸுக்குத்தான் நிற்கிறார்கள், அதனால் வந்த கதையைக் கேள்.

உன் அப்பா அதைத் தனி ஒயர் இழுக்காமல் வைப்பருக்குப் போகும் ஒயரிலேயே சேர்த்துவிட்டார். பாட்டும் வைப்பரும் சேர்ந்து ஓடினால் ஃபியூஸ் போய்விடும். மூன்றாவது தடவை போனதும், எரிந்த ஃபியூஸின்மேல் சூயிங்கம் தாளைச் சுற்றி ஹோல்டரில் செருகிவிட்டார், எங்களிடம் மூச்சு விடவில்லை. செவ்வாய்க்கிழமை உன் தங்கை லெவாய்க்கு ஆபியாவில் நர்ஸ் படிப்புக்கு நேர்முகம். காலைக் கப்பலை விட்டால் அடுத்த வருடம்தான். பஸ் நிறைந்துவிட்டதால் அவள் அப்பாவுக்குப் பின்னால் என் மடியில், முன் இருக்கையில் மரியாதைக்குப் போதகர் எலியா. பாதி வழியில் கொட்டும் மழை, ஸ்டியரிங்குக்குக் கீழே புகை. அப்பா தாளைப் பிடுங்கி எறிந்தார். ஹோல்டரின் பிளாஸ்டிக் உருகி, ஃபியூஸைக் கவ்விப் பிடிக்கும் பித்தளை நாக்குகள் அகன்றுபோய்க் கிடந்தன. லெவாய் எட்டிப் பார்த்துவிட்டு, “ஃபியூஸ் சாகறதுக்குத்தான்பா இருக்கு, அதைச் சாக விடலேன்னா ஒயர் சாகும்” என்றாள். அவர் காது கேட்காதவர்போல உள்விளக்கின் ஃபியூஸ் ஹோல்டரைக் காலி செய்தார். அது ஒன்றைத்தான் தாங்கும், வைப்பரையோ பாட்டையோ. வைப்பரை மாட்டினார்.

பாட்டு நின்றதும் பின்னாலிருந்து பெண்கள், “விலியாமு, பாட்டில்லாத பஸ்ல வந்தா எங்களுக்குத் தலை சுத்தும்ப்பா. நிறுத்து, பின்னால வர்ற பஸ்ல போறோம்” என்று கூடைகளைத் தூக்கிவிட்டார்கள். அத்தனை பேரும் அத்தனை கிழங்கும் இறங்கி முடிப்பதற்குள் கப்பல் போயிருக்கும். அப்பா லெவாயின் முகத்தைப் பார்த்தார், பாட்டை மாட்டினார். வைப்பரை மோட்டாரிலிருந்து கழற்றி, கயிறு கட்டி, ஒரு முனையை வலது ஜன்னல் வழியாக என்னிடமும் மறுமுனையை இடது ஜன்னல் வழியாகப் போதகரிடமும் கொடுத்தார். நான் ஒரு இழுப்பு, அவர் ஒரு இழுப்பு. “தாளத்துக்கு இழுங்க போதகரய்யா, நீங்க பிந்தறீங்க” என்று பின்னாலிருந்து ஒருத்தி. அவர் சட்டைக்கை முழங்கை வரை நனைந்து, “ஊழியத்துக்கு வந்த நாள்ல இதை யாரும் சொல்லல விலியாமு” என்றார், ஆனால் கயிற்றை விடவில்லை. கப்பலின் கதவை ஏற்றும் நேரத்தில் லெவாய் ஓடி ஏறினாள்.

அவளுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்துவிட்டது. நீ பெரிய ஃபியூஸ் எதுவும் அனுப்பாதே, அப்பா கேட்டாலும் அனுப்பாதே. ஆம்ப்ளிஃபையருக்கென்று தடித்த ஒயரும், மூடி போட்ட நல்ல ஹோல்டர் ஒன்றும், அந்த ஒயர் தாங்கும் அளவுக்கு ஃபியூஸும் அனுப்பு. ஹோல்டரை பேட்டரிக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்கிறேன், அப்போதுதான் ஒயர் எங்கே உரசினாலும் தீப்பிடிக்குமுன் ஃபியூஸ் போகும். உருகிப்போனதற்குப் பதிலாக வைப்பருக்கும் ஒன்று வை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. பிப்ரவரியில் லெவாயைச் சாமான்களோடு கப்பலேற்ற வேண்டும், அதற்குள் நீ அனுப்புவது வந்துசேர வேண்டும், மறந்துவிடாதே. அது மழைக்காலம், போதகர் அன்றைக்கு வேறு பஸ்ஸில் வருவதாக இப்போதே சொல்லிவிட்டார்.

உன் அம்மா,
சாவிலி