முப்பத்தெட்டுப் பேருக்கும் இடுப்பு வலி இல்லை

அன்புள்ள கலைவாணிக்கு, காஞ்சி மாநகரத்தின் முடிசூடாச் சக்கரவர்த்தியும் உன் அப்பாவின் ஒரே தம்பியுமான கதிர்வேல் எழுதுவது. இங்கே வீட்டில் எல்லோரும் நலம், தறியும் நலம். டில்லிக் குளிரில் காதை மூடிக்கொண்டு நடக்கிறாயா என்பதுதான் உன் அம்மாவின் ஒரே கவலை.

போன வாரம் நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தறிக்கும் வாசலுக்குமாக நான் நடந்த நடைக்கு இந்நேரம் டில்லியைத் தாண்டி இமயமலையே ஏறியிருப்பேன். நெசவாளர் யாருக்கும் வலியே இல்லையாம், ஆனர்ஸ் ஆராய்ச்சியை விட்டுவிட்டு அதற்குப் பதில் இரண்டு பாடம் எடுக்கப்போகிறேன், பதினெட்டாம் தேதிக்குள் பதிய வேண்டும் என்றாயே, பதிந்துவிடாதே அம்மா. தப்பு உன் ஆராய்ச்சியில் இல்லை, இந்தச் சக்கரவர்த்தியிடம் இருக்கிறது. அன்றே சொல்லியிருக்கலாம், வாய் வரவில்லை.

உன் கேள்வித்தாளைத் தெருவில் கொடுத்தபோது, எப்படி நிரப்புவது என்று காட்ட முதலில் என் தாளை எழுதி நடுவில் வைத்தேன். இடுப்பு வலி உண்டா என்ற இடத்தில், அத்தனை பேர் எதிரில் உண்டு என்று போட மனம் வராமல், இல்லை என்று யானை அளவுக்கு எழுதினேன். மீதி முப்பத்தேழு பேரும் அதைப் பார்த்தே எழுதிவிட்டார்கள். எதிர்வீட்டு ராமலிங்கம் என் வயதைக்கூட விடவில்லை! கேட்டால், "இன்னாப்பா, நம்ம பொண்ணு பரீட்சை, தப்பா எழுதி ஃபெயிலாக்கச் சொல்றியா" என்று என்னையே திட்டுகிறான். மூன்று வருஷமாக இடுப்பில் பெல்ட் போட்டுக்கொண்டு நெய்கிறவன்!

அதனால் வீடு வீடாகப் போய், ஒருவர் தாளை இன்னொருவர் பார்க்காமல், மறுபடி எழுதி வாங்கினேன். நம் தெருவில் தறி நெய்யும் ஜெயப்ரியா, "இத கேக்கவே இத்தினி வருஷம் ஆச்சாண்ணா" என்று தாளின் பின்பக்கமும் எழுதித் தந்தாள். முப்பத்தொரு பேருக்கு வலி இருக்கிறது. எல்லாவற்றையும் இத்தோடு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புகிறேன். உன் மேடத்திடம் நடந்ததை மறைக்காமல், என் பேரைச் சொல்லியே சொல்.

குமரகோட்டத்து முருகன் உன்னோடு இருப்பான். பதினெட்டாம் தேதியை மறக்காதே. கட்டின் மேலே இருப்பது என் தாள். வலி உண்டு, பதினொரு வருஷமாக. சித்தியிடம் சொல்லிவிடாதே. எழுத்து ஏன் கோணல் என்று கேட்பாய், இந்தக் கடிதம் முழுக்க பீரோ மேல் வைத்து நின்றுகொண்டே எழுதியது.

இப்படிக்கு,
முப்பத்தொரு பேரில் ஒருவன்,
கதிர்வேல் சித்தப்பா