ஒட்டுத் தெரியும் கோபுரம்

கை முழுக்கப் பசை. இரண்டு தரம் கழுவியும் அந்த வாசம் போகவில்லை. அஜின்கோர்ட்டில், உன் வீட்டு பேஸ்மென்ற்றில் அரைகுறையாக நின்ற அட்டைக் கோபுரம் இப்போது என் சாப்பாட்டு மேசையில் நிற்கிறது. "அன்ரி, நீங்கள்தான் முடிக்கோணும்" என்று உன் மகள் கொண்டுவந்து வைத்தாள். நேராக ஒரு கோடு கீறத் தெரியாத என்னிடம்!

கொண்டோ அடுக்குமாடிகளுக்குக் குசினி வரைந்தே இருபது வருடத்தைக் கழித்தவள் நீ. யாழ்ப்பாணத்தில் படிக்கும்போது புத்தகத்தில் பார்த்த இங்கிலாந்துப் பேராலயம் ஒன்றை ஒருதரமாவது தொட்டுப் பார்க்கவேண்டும் என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். இருவருக்கும் புதுச் சப்பாத்து வேறு. கோபுரப் படிவாசலில் அதைக் கழற்றச் சொன்னாய். "கோயிலெண்டா கோயில்தான். கழட்டடி."

சுருள்படியில் எனக்கு மூச்சு வாங்கியது. நீ சுவரைத் தடவியபடி ஏறினாய். திடீரென்று நின்று கத்தினாய். "இஞ்ச பார், ஒட்டு! கீழ வட்ட வளைவு, மேல கூர் வளைவு. கல்லின்ர நிறமும் வேற. இடையில நூறு வருசமாவது இருக்கும். தொடங்கினவன் முடிவைப் பாக்கேல்லை."

"மறைச்சுக் கட்டியிருக்கலாமே?"

"ஏன் மறைக்கோணும்? பிறகு வந்தவன் தனக்குத் தெரிஞ்ச மாதிரிக் கட்டினான். அதுதானடி வடிவு."

இறங்கும் படி வேறு என்று யாருக்குத் தெரியும்? வடக்குக் கதவால் வெளியே வந்தோம். சப்பாத்து தெற்கு வாசலில். மழை வேறு. இடப்பக்கம் கிட்டிய வழி இருந்தும் நீ விடவில்லை, வலமாகத்தான் வரவேண்டுமாம். ஈரப் புல்லில் சொக்ஸோடு நடந்தோம். "வந்ததுக்குக் கோயில் வீதியும் சுத்திக் கும்பிட்டாச்சு" என்றாய். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு நொந்தது.

திரும்பி வந்து உன் மண்ணிறச் சப்பாத்துப் பெட்டியை வெட்டித்தான் இந்தக் கோபுரத்தைத் தொடங்கினாய். வட்ட வளைவுகளை முடித்த கையோடு கண்ணையும் மூடிவிட்டாய். கெடுத்துவிடுவேனோ என்ற பயத்தில் இரண்டு கிழமை நான் அதைத் தொடவே இல்லை. நேற்றுத்தான் என் நீலச் சப்பாத்துப் பெட்டியை எடுத்துக் கத்தரிக்கோலை வைத்தேன். என் கூர் வளைவுகள் கோணல். ஆனால் நிற்கின்றன! துள்ளிக் குதிக்காத குறை, எனக்கு எவ்வளவு புளுகம் தெரியுமா?

இன்று உன் மகள் வந்து பார்த்தாள். "அன்ரி, ஜொயின்ற் நல்லாத் தெரியுது. பெயின்ற் அடிச்சு மறைப்பமா?"

"வேண்டாம் பிள்ளை" என்றேன். "கொம்மா எதுவரைக்கும் கட்டினவ எண்டு தெரியட்டும்."