நான் சிங்களத்தில் மாற்றிச் சொன்னது

இன்று காலை கீழே கீரைப் பாத்தி போட்டிருப்பவர் ஓடைக்கரையில் தண்ணீர்ப் பம்பை இயக்கினார். மண்ணெண்ணெய்ப் புகையும் கிளறிய களிமண்ணின் வாடையும் ஒன்றாக மேலேறி, பிள்ளைக் காம்பராவுக்குள் வந்துவிட்டன. கொழுந்து பறிக்கப் போன தாய்மார் விட்டுச்சென்ற குழந்தைகளில் ஒன்றுக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்தேன். கரண்டி கையிலேயே நின்றது. குழந்தை அழுத பிறகுதான் எனக்கு நினைவு திரும்பியது.

இந்த வாடை வந்தால் எனக்கு உன்னைத் தவிர வேறு நினைப்பு ஓடாது. உனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஊரிலிருந்து கடிதம் வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவாய். இதையும் நானே எழுதி நானே படிக்க வேண்டியதுதான்.

ஓப்பநாயக்க டவுனுக்கு மேலே இருக்கும் இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு நாம் இருவரும் ஒரே வருசத்தில் வாழ்க்கைப்பட்டு வந்தோம். லயத்தில் உனக்கும் எனக்கும் நடுவில் ஒரு சுவர். நான் கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். சிங்களப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை படித்தேன்; தமிழ் எழுத்தை வீட்டில் அப்பா கற்றுத்தந்தார். நீ பதுளை மலையிலிருந்து வந்தவள். கடையில் உப்பும் கருவாடும் வாங்கும் அளவுக்குத்தான் உனக்குச் சிங்களம் என்று நினைத்திருந்தேன்.

உன் மகள் நாற்பது நாள்தான் இருந்தாள். காய்ச்சலோடு தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனோம். டவுனுக்குப் போய்ச் சேரும் முன்னரே உன் மடியில் அடங்கிப்போனாள். என் மகன் பிறந்து அப்போது இரண்டு மாதம். எனக்குப் பால் போதாது. மூன்றாம் நாள் நீ சுவரைத் தட்டினாய்.

"அவனக் குடு புள்ள. நெஞ்சு கட்டிக்கிட்டு வலி தாங்க முடியல."

அன்றிலிருந்து ஐந்து மாதம் அவன் உன்னிடம்தான் குடித்தான். உன் புருசன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போய், முதலில் கடிதமும் பிறகு ஆளும் வராமல் போன காலம் அது.

உன் மகளை ஓடைக்கரை மயானத்தில் வைத்தோம். அங்கே கல்லறை எதுவும் இல்லை. ஒருவர் தலைமாட்டில் ஓடைக் கல், இன்னொருவருக்குக் குரோட்டன் செடி, மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. ஆனால் யார் எங்கே என்று உனக்குத் தெரியும். ஞாயிறு தோறும் போய்ப் புல்லை வெட்டுவாய். கிழவர்களிடம் கேட்டுக் கேட்டு, நீ பார்த்தே இராதவர்களின் பேரைக்கூட மனப்பாடம் செய்துவைத்திருந்தாய்.

"நாம செத்தா இதெல்லாம் யாருக்குத் தெரியும்? எழுதிக்க" என்று ஒரு நாள் என்னைக் கையோடு இழுத்துப் போனாய். நீ நடந்து நடந்து சொல்ல, நான் பிள்ளைக் காம்பராவின் பழைய கொப்பியில் எழுதினேன். பெரிய கல்லிலிருந்து மூன்றாவது ஆள் இன்னார். வளைந்த குரோட்டனுக்குக் கிழக்கே இன்னார். இரண்டு சிவப்புக் குரோட்டனுக்கு நடுவே உன் மகள். கணக்கில் நாற்பத்தொரு பேர் வந்தார்கள்.

தோட்டம் கம்பெனிக்குக் கைமாறிச் சில வருசம் கழித்து, ஓடைக்கரையை மாணிக்கக் குழி வெட்ட ஒரு முதலாளிக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. நீ லயம் லயமாகப் போய் ஆள் சேர்த்தாய். மனு எழுதியது நான். டவுனிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து இடத்தைப் பார்ப்பார் என்று பதில் வந்தது.

அதற்கு முதல் நாள் பெரிய கிளாக்கர் என்னை ஆபீசுக்கு அழைத்தார்.

"ஆப்பீசருக்குத் தமிழ் தெரியாது. நீதான் சிங்களத்துல சொல்லணும். ஒம் புருசன் பேரும் குழி வேலைக்குப் போறவங்க லிஸ்ட்டுல இருக்கு. நீ பாக்குறதும் தோட்டத்து வேலை. யோசிச்சுப் பேசு."

அவ்வளவுதான் சொன்னார். மிரட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. கீழே விழுந்து இடுப்பு எலும்பு விட்டுப்போன பிறகு மலை ஏற முடியாத எனக்கு அந்தப் பிள்ளைக் காம்பரா வேலை கிடைக்க இரண்டு வருசம் ஆயிற்று. என் புருசனுக்கு மாதத்தில் பாதி நாள்கூட வேலை இல்லை. சண்டை நடந்த காலம், டவுனுக்குப் போனாலே அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும். இதையெல்லாம் அன்று இரவு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். எதுவும் உதவவில்லை.

அதிகாரி குடை பிடித்துக்கொண்டு வந்தார். நல்ல மனிதர்தான். பொறுமையாகக் கேட்டார். இது மயானமா, எத்தனை பேர், யாருக்கு இடம் தெரியும்? எல்லோரும் உன்னை முன்னே தள்ளினார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு நீ நின்றாய்.

"ஐயா, இது எங்க சுடுகாடுங்க. எங்க ஆளுங்க நாப்பத்தொரு பேரு இங்க இருக்காங்க. அந்தா, அந்த ரெண்டு செவப்புச் செடிக்கு நடுவுல எம் புள்ள. நான் என் கையால மண்ணு தள்ளுனேன். கண்ணக் கட்டி விட்டாலும் வந்து நிப்பேன்."

அதிகாரி என்னைப் பார்த்தார். கிளாக்கர் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொப்பி என் பைக்குள் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

"முன்னொரு காலத்தில் ஒன்றிரண்டு பேரை இந்தப் பக்கம் எங்கோ புதைத்திருக்கலாம் என்கிறாள், சார்" என்று சிங்களத்தில் சொன்னேன். பிறகு, "மெயாட்ட ஹரியட்ட தென மத்தக நே" என்றேன். இவளுக்குச் சரியாக இடம் ஞாபகம் இல்லை.

அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நீ என் முகத்தையே பார்த்தாய். வாய் திறக்கவில்லை. நான் உன் பக்கம் திரும்பி, "எல்லாம் சொல்லிட்டேன்" என்றேன்.

இரண்டு வாரத்தில் குழிக்காரர்கள் வந்துவிட்டார்கள். முதல் நாளே செடி கொடி எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினார்கள். கற்களைப் பொறுக்கி ஓடையோரம் குவித்தார்கள். வெட்டியவர்களில் என் புருசனும் ஒருவர். மாலையில் வந்து சோற்றில் கைவைக்காமல் படுத்துக்கொண்டார். நான் சோற்றை மூடி வைத்தேன்.

அடுத்த ஞாயிறு விடியற்காலை நீ என் கதவைத் தட்டினாய். கையில் மம்பட்டி.

"வா புள்ள. நாளைக்குக் குழி தோண்டப் போறாங்க. எம் புள்ளைய எடுத்துருவோம். மேல காட்டோரமா வச்சுக்குறேன். கொப்பிய எடுத்துக்க."

வந்தேன். மறுக்க எனக்கு என்ன வாய் இருந்தது? அங்கே போய்ப் பார்த்தால் செம்மண் வெளி. கல் இல்லை, குரோட்டன் இல்லை, முந்தின நாள் மழையில் மேடும் பள்ளமும்கூட இல்லை. கொப்பியை விரித்தேன். இரண்டு சிவப்புக் குரோட்டனுக்கு நடுவே என்றிருந்தது. எந்தக் குரோட்டன்?

நீ ஓர் இடத்தில் வெட்டினாய். முழங்கால் ஆழம் வந்ததும் நிறுத்தி, நாலடி தள்ளி வெட்டினாய். பிறகு மம்பட்டியைப் போட்டுவிட்டுக் கையால் தோண்டினாய். ஈர மண்ணைத் தவிர ஒன்றும் வரவில்லை. நாற்பது நாள் குழந்தை, அந்த ஈரத்தில் என்ன மிஞ்சியிருக்கும்? அதை உன்னிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

"இங்கதானே? இல்ல, அங்கயா? சொல்லு, நீதானே எழுதுன!" என்று கத்தினாய். எட்டு இடம் வெட்டியிருப்பாய். நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது. கடைசியில் சேற்றிலேயே உட்கார்ந்து, "எடம் மறந்துபோச்சே. எனக்கு எம் புள்ள எடம் மறந்துபோச்சே" என்று தலையில் அடித்துக்கொண்டாய்.

நான் சொன்ன பொய் அன்று உன் வாயாலேயே உண்மையானதைக் கேட்டேன்.

காவல்காரன் வந்து விரட்டினான். ஏற்றத்தில் திரும்பும்போது என்னால் தாங்க முடியவில்லை. காலில் விழுந்துவிடலாம் என்று, "அன்னைக்கு ஆப்பீசருகிட்ட நான்..." என்று தொடங்கினேன்.

"வெளங்குச்சு" என்றாய். நடையை நிறுத்தவில்லை. "மத்தக நேன்னு சொன்ன. அது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் புள்ள நீ வாயத் தொறக்கல?"

நீ மம்பட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாய்.

"எம் புள்ள செத்துப்போச்சு. எம் பாலக் குடிச்சவன் உசுரோட இருக்கான். அவன் அப்பனுக்கு வேலை கெடைக்கட்டும்னு நின்னேன்."

அதற்குப் பிறகும் நீ என்னோடு பேசினாய். மழைக்கு என் விறகை உள்ளே எடுத்து வைத்தாய். கடிதம் வாசிக்கக் கொண்டுவந்தாய். ஒரு நாள் திட்டியிருந்தால், ஒரு தடவை என் முகத்தில் துப்பியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். ஓடைக்கரைக்கு மட்டும் நீ திரும்பப் போகவில்லை. தேயிலைக்குப் போகும்போது அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் சுற்றிப் போனாய்.

குழியில் பேர் சொல்லும்படி ஒரு மாணிக்கக் கல்லும் அகப்படவில்லை. நாலு மாதத்தில், குழித் தண்ணீரை இறைத்த மண்ணெண்ணெய்ப் பம்பையும் முட்டுக்கொடுத்த மரங்களையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புருசனின் வேலையும் போயிற்று. குழியை மூடவில்லை. மழைத் தண்ணீர் நிரம்பி, கரை இடிந்து இடிந்து ஒரு குளம்போல ஆகிவிட்டது.

மறு வருசம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோயிற்று. ஆறே நாள். உன்னைப் புதைக்கத் தோட்டத்தில் இடம் இல்லை. டவுன் மயானத்தின் வேலியோரம் ஒரு மூலை கொடுத்தார்கள். உன் பால் குடித்தவன்தான், ஒன்பது வயதில், உனக்கு முதல் பிடி மண் போட்டான். அவனுக்கு நான் இதுவரை எதுவும் சொல்லவில்லை.

போன மாதம் இரண்டு சிங்களப் பெண் பிள்ளைகள் கேமராவோடு வந்தார்கள். சண்டை முடிந்துவிட்டதாம், இனித் தோட்டத்து மக்களின் கதைகளைப் படம் பிடிக்கப்போகிறார்களாம். சிங்களம் தெரிந்தவள் என்று என்னைக் காட்டிவிட்டார்கள். நான் அவர்களைக் குளக்கரைக்கு அழைத்துப் போனேன். கொப்பியைப் பார்க்காமல் நாற்பத்தொரு பேரையும் சொன்னேன். பிறகு அதிகாரி முன்னால் நீ சொன்னதை, ஒரு சொல்லும் விடாமல், சிங்களத்தில் சொன்னேன். என் பிள்ளை இங்கே இருக்கிறது. என் கையால் மண் தள்ளினேன். கண்ணைக் கட்டி விட்டாலும் வந்து நிற்பேன்.

ஒரு பெண் அழுதுவிட்டாள். "உங்கள் பிள்ளையா, அம்மா?" என்று கேட்டாள்.

"இல்லை. என் சிநேகிதியுடையது. அவள் சொன்னதை அன்று நான் மாற்றிச் சொன்னேன்" என்றேன்.

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. "எந்த இடம் என்று காட்ட முடியுமா?" என்று மெதுவாகக் கேட்டாள் மற்றவள்.

கையைத் தூக்கினேன். தண்ணீர் பச்சையாகக் கிடந்தது, ஒரு கரையிலிருந்து மறு கரைவரைக்கும். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை. அவர்கள் போகும்வரை என் கை அப்படியே நின்றது.