மயில்துத்தம் போடாத பசை

என் ஆசை மயிலக்காவுக்கு,

நீ போய்ச் சேர்ந்த இடத்தில் வீடு உண்டா? வீடு இருந்தால் சுவர் இருக்கும். சுவர் இருந்தால் நீ சும்மா இருந்திருக்கமாட்டாய். இந்நேரம் அங்கேயும் எதையாவது ஒட்டி முடித்திருப்பாய். பார்க்க வந்தவர்களும் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருப்பார்கள்.

உன் திதிக்குப் படைத்து, இலை எடுத்த கையோடு இதை எழுதுகிறேன். நாலு பேர் படித்தால் படிக்கட்டும். செத்துப்போன அக்காவைப் பார்த்துப் பொறாமைப்படுகிறாள் என்று சொன்னால் சொல்லட்டும். உண்மையைத்தானே சொல்வார்கள்?

உன் முன்னறை மயில்களைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அந்தக் கதை எனக்கு மனப்பாடம். மலாயாத் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணிக்கு வாழ்க்கைப்பட்டு நீ இந்த வீட்டுக்கு வந்த புதிதில், அவர் குளுவாங் டவுன் கடையிலிருந்து மாதிரித் தாள்களை வாங்கி வந்தாராம். "பலகை இடுக்கெல்லாம் மறைஞ்சிடும். துரை பங்களாவுல இததான் ஒட்டியிருக்காங்க, வால்பேப்பர்" என்றாராம். நீ ரோஜாவைத் தள்ளினாய், திராட்சைக் கொடியைத் தள்ளினாய். "வால்பேப்பர்னு சொல்றீங்க, ஒண்ணுலயும் வாலையே காணோமே?" என்று கேட்டாய். கடைசியில் நீளத் தோகையோடு மயில்கள் நிற்கிற தாளை எடுத்து, "இதுலதான் வாலும் இருக்கு, என் பேரும் இருக்கு" என்றாய்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் இந்தக் கதையைச் சொல்வார். எந்த இடத்தில் நிறுத்துவார், எந்த இடத்தில் தொடையைத் தட்டுவார் என்பது கூட எனக்குத் தெரியும். வந்தவர்கள் சிரித்து முடித்ததும், காப்பியோடு நிற்கிற என்னைக் காட்டி, "இது மயிலோட தங்கச்சி" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

நீ குளிர்காய்ச்சலில் போன பிறகு, அப்பா என்னை யோங் பெங்கிலிருந்து கூட்டிவந்து, அதே முன்னறையில்தான் உன் புருஷனைத் தாலி கட்டவைத்தார். தலை நிமிர்ந்தால் மயில், குனிந்து திரும்பினால் மயில். உன் பெயரையே சுவர் முழுக்க எழுதிவைத்துவிட்டுப் போனவள் நீ. அந்த நான்கு சுவருக்குள் நான் எங்கே அக்கா நிற்பேன்? இரண்டு தீபாவளி வந்து போனது. நான் அவருக்குப் பெண்டாட்டியா, மயிலோட தங்கச்சியா என்பது எனக்கே விளங்கவில்லை.

உயிரோடிருக்கிற சக்களத்தி என்றால் சண்டையாவது போடலாம். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன். பெரிய கிராணியார் வீட்டம்மா வரும்போதெல்லாம் உன் மயிலுக்குக் கீழேதான் உட்காருவார். "மயிலு கையே கை. ஒரு சுருக்கம் இருக்கா பாரு!" என்பார், நான் சுட்ட வடையைத் தின்றுகொண்டே. வடை எப்படி இருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை.

போன அடைமழையில் முன்னறை ஓதம் காத்துவிட்டது. தாள் விளிம்பு விளிம்பாகத் தூக்கிக்கொண்டது. பூஞ்சை பிடித்து, உன் மயில்களுக்கு ஒவ்வொன்றாகத் தலை கறுத்தது. எனக்கு சந்தோஷமாக இருந்தது. ஒளிப்பானேன்? அன்றைக்குப் பாயசம்கூட வைத்தேன்.

சாப்பிடும்போது, "புதுசா வேற ஒட்டிடலாமாங்க?" என்று கேட்டேன். அவர் கை கழுவிவிட்டு வந்து தூக்கியிருந்த தாள் விளிம்பை அழுத்திப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை குளுவாங் போலாம். நீயும் வா, நீயே பாத்து எடு" என்றார்.

கடையில் சீன முதலாளி, தவுக்கே, மாதிரிப் புத்தகத்தை விரித்துவைத்தான். கோடு போட்ட தாள் ஒன்றைக் காட்டி, இதுவே போதும் என்றேன். என் மனதில் இருந்தது வேறு. பங்கஜம் என்ற என் பெயருக்குத் தாமரை என்றுதானே பொருள். உன் சுவரில் நீ நின்றதுபோல என் சுவரில் நான் நிற்க வேண்டாமா? ஆனால் அதை வாய்விட்டுக் கேட்டால், மயிலைப் பார்த்து வான்கோழி ஆடிய கதையாகிவிடும். நீயே சிரித்திருப்பாய்.

அவர் புத்தகத்தை விடவில்லை. எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டிக்கொண்டே இருந்தார். "அப்பா மாவு?" என்று தவுக்கே மலாயில் சலித்துக்கொண்டான், என்னதான் வேண்டும் என்று. அவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "புங்ஙா தெராத்தாய். சாயா புஞ்ஞா பினி நாமா இத்து புங்ஙா லா" என்றார்.

தாமரைப்பூ வேண்டும், என் பெண்டாட்டி பெயர் அந்தப் பூதான். ஆமாம் அக்கா, பினி என்றார். தமிழில் இரண்டு வருஷமாக வராத வார்த்தை, மலாயில் கடைக்காரனிடம் வெற்றிலை கேட்பதுபோல வந்து விழுந்தது. நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன்.

தவுக்கே உள்ளே போய் ஒரு சுருளைக் கொண்டுவந்தான். வெளிர்ப்பச்சையில் வெள்ளைப் பூக்கள். "இலையப் பாத்தா அல்லி மாதிரில்ல இருக்கு" என்றேன். "அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நீ தாமரைன்னு சொன்னா தாமரை" என்றார். சொல்லிவிட்டேன்.

உன் மயில்களை அவரேதான் உரித்தார். வெந்நீர்த் துணியை ஒற்றி ஒற்றி, தோகை தோகையாக இழுத்தார். நான் சுவரைப் பார்க்கவில்லை, அவர் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் கை கொஞ்சம் நின்றது. என்ன நினைத்தார் என்று கேட்கவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

பசை காய்ச்சுவது என் வேலை. "மரவள்ளி மாவு, கொஞ்சம் மயில்துத்தம். உங்கக்கா அப்பிடித்தான் காச்சுவா" என்று சொல்லிவிட்டுப் போனார். நீல நீலமாக அந்தத் துத்தத்தைக் கையில் எடுத்தேன். அதற்கும் மயில்தானா! என் தாமரையை ஒட்டுகிற பசையிலும் நீயா? பொட்டலத்தை அப்படியே அடுப்புக்குப் பின்னால் செருகிவைத்துவிட்டு, வெறும் மாவைக் காய்ச்சிக் கொடுத்தேன்.

ஒட்டி முடித்தபோது அறை அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வாரம் முடிவதற்குள், கதவோரத்துத் தாமரைகளைக் கரப்பான் அரித்துத் தின்றுவிட்டது. பசையின் ருசி அதற்கு, துத்தத்தின் விஷம்தான் இல்லையே. அவர் கிழிசலை விரலால் தூக்கிப் பார்த்தார்.

"துத்தம் போடலியா?"

"இல்லீங்க."

"தீந்து போச்சா?"

"இருக்கு. அதோட பேரு எனக்குப் பிடிக்கல."

முதலில் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் பார், சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருமட்டும். நான் அழுதேன். அவர் சிரிப்பை நிறுத்தாமலே பொட்டலத்தைத் தேடி எடுத்து, என் கையில் வைத்தார். "போட்டுக் காச்சு பங்கஜம். இல்லாட்டி நீ சுவத்துல நிக்கமாட்ட."

கதவோரத்தை மறுபடி ஒட்டினோம். இந்த முறை கரப்பான் கிட்டே வரவில்லை.

நேற்று, உன் திதிக்கு முதல் நாள், பெரிய கிராணியார் வீட்டம்மா வந்தார். சுவரைப் பார்த்துவிட்டு, "மயிலு ஆசையா ஒட்டுனதாச்சே" என்று இழுத்தார். இவர் தன் நாற்காலியை முன்னால் நகர்த்திப் போட்டார். வால்பேப்பர் கதை வரப்போகிறது என்று நான் அடுக்களைக்குத் திரும்பினேன். "இந்தக் கூத்தக் கேளுங்க. என் வீட்டுக்காரி பசையில துத்தம் போடல, ஏன் தெரியுமா?" என்று ஆரம்பித்தார்.

என் வீட்டுக்காரி. தமிழில், நாலு சுவர் கேட்க. கதவுக்குப் பின்னால் நின்று முழுக்கதையையும் கேட்டேன். எந்த இடத்தில் நிறுத்தினார், எந்த இடத்தில் தொடையைத் தட்டினார் என்று மனப்பாடம் செய்துகொண்டேன்.

ஆனால் பார், என் கதைக்குள்ளும் நீ வந்து உட்கார்ந்துகொண்டாய். நீ இல்லாமல் அந்தக் கதையைச் சொல்லவே முடியாது. போகட்டும், எனக்கு ஒரு கதை கிடைத்ததே.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அது இருக்கிறது, இருக்கும். ஆனால் ஒரு வாக்குத் தருகிறேன். அடுத்த அடைமழையில் தாள் தூக்கினால், நானே காய்ச்சுவேன். மயில்துத்தத்தையும் போடுவேன். எவ்வளவு என்பதை மட்டும் நான்தான் முடிவுசெய்வேன்.

ஊராருக்கெல்லாம் இனி நான் கிராணியார் வீட்டுக்காரி. உன் ஒருத்திக்கு மட்டும்,

மயிலோட தங்கச்சி,
பங்கஜம்